ஐந்நூற்று ஒன்றாவது பிரதி

நவம்பர் 4, திங்கள்
(அச்சில் வியாழன் என்று இருக்கிறது. நம்ப வேண்டாம்.)

இந்த டைரி எங்கள் பதிப்பகமே போட்டது. 2021-ஆம் வருஷத்துக்கு இரண்டாயிரம் அடித்தார் ஐயா. அந்த வருஷம் ஊரே வீட்டுக்குள் அடைந்து கிடந்தது. வீட்டுக்குள் கிடந்தவன் டைரியில் என்ன எழுதுவான்? 'இன்றும் கிடந்தேன்' என்றா? ஆயிரத்து அறுநூறு மிச்சமாகி, மூன்று வருஷமாகக் குடோனில் என் முதுகுக்குப் பின்னால் நிற்கிறது. இன்று ஒன்றை உருவினேன். கிழமையை அடித்துத் திருத்திக்கொண்டால் தேதி தேதிதான்.

என் பெயர் பூங்காவனம். வயது நாற்பத்தெட்டு. ராயப்பேட்டை தேர்முட்டி பதிப்பகத்தில் இருபத்தோரு வருஷமாகப் பார்சல் கட்டுகிறேன். படிப்பு ஆறாம் வகுப்பு. ஏழாம் வகுப்புக்கு நான் போகவில்லை, அதுவும் என்னைத் தேடி வரவில்லை. எந்தப் புத்தகம் வந்தாலும் இரண்டாம் பக்கத்தை மட்டும் தவறாமல் படிப்பேன். புத்தகத்தின் பெயர், எழுதியவர், எத்தனையாவது பதிப்பு, எத்தனை பிரதி, எத்தனை பக்கம், கடைசியில் 'வெளியிடுபவர்: மு. தணிகாசலம்', அதாவது எங்கள் ஐயா. பார்சல் கட்ட இவ்வளவு போதும். மற்ற பக்கமெல்லாம் நேரம் இருக்கிறவர்களுக்கு.

இன்றைக்கு டைரி எடுக்கக் காரணம், மாடியில் நடந்த சண்டை. யாரும் கேட்காமலே இரண்டு தடவை டீ கொண்டுபோனேன். அவ்வளவு நல்ல சண்டை.

வெளி மாநிலக் கம்பெனி ஒன்று பதிப்பகத்தைப் பெயரோடு வாங்கிக்கொள்கிறேன் என்று ஐயாவுக்குக் கடிதம் போட்டிருக்கிறது. ஐயாவுக்கு வயது அறுபத்தேழு. கையெழுத்துப் போட்டுவிடலாம் என்று பேனாவைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார். இன்று காலை அவர் மகள் நப்பின்னை புனேயிலிருந்து ஒரு பெட்டியும் ஒரு லேப்டாப்பும் தூக்கிக்கொண்டு வந்து இறங்கிவிட்டது. முப்பத்து நாலு வயது. எனக்கு இன்னும் பாப்பாதான்.

"வித்துடாதீங்கப்பா. எங்கிட்ட குடுங்க."

"உனக்குப் புத்தக வியாபாரம் என்னம்மா தெரியும்?"

"உங்களுக்கு ஃபோன் வியாபாரம் என்னப்பா தெரியும்? படிக்கிறவன் எல்லாம் ஃபோனுக்குள்ள இருக்கான். நீங்க இன்னும் பீரோவுக்குள்ள தேடுறீங்க."

"ஃபோன்ல படிக்கிறதெல்லாம் படிப்பா? நாலு வரி படிக்கிறதுக்குள்ள நாய் டான்ஸ் ஆடுற படம் வருது."

நான் டம்ளரை வைத்துவிட்டு, "அந்த நாய் நல்லா ஆடுதுங்கய்யா" என்றேன். இருவரும் ஒரே மாதிரி முறைத்தார்கள். அப்பனும் மகளும் என்று யாருக்கும் சந்தேகம் வராது.

கடைசியில் பந்தயம். ஒரே ஒரு புத்தகம். அதை ஃபோனில் படிக்கிற மாதிரி பாப்பா போட வேண்டும். போகி சாயங்காலத்துக்குள் ஆயிரம் பேர் வாங்கினால் ஐயாவின் நாற்காலி பாப்பாவுக்கு. வாங்கவில்லை என்றால் ஐயா கம்பெனிக்குக் கையெழுத்துப் போடுவார், பாப்பா புனேக்கு ரயில் ஏறும்.

"எந்தப் புத்தகம்னு நான்தான் சொல்வேன்" என்றார் ஐயா. எழுந்து ஜன்னல் வரை போய்த் திரும்பி வந்து, "தபால் பெட்டியில் ஒரு சாவி" என்றார்.

பொல்லாத மனுஷர்! அது 1991-இல் போட்ட துப்பறியும் கதை. ஆயிரத்து இருநூறு அடித்ததில் அறுநூற்று நாற்பது இன்னும் என் குடோனில் இருக்கிறது. கரையானே இரண்டு பக்கம் தின்றுவிட்டு வேறு புத்தகம் தேடிப் போய்விட்டது.

பாப்பாவுக்கு அது தெரியாது. "சரி" என்றது.

நான் வாயைத் திறக்கவில்லை. ஏனென்றால் நான் முழுதாகப் படித்த ஒரே புத்தகம் அதுதான். கிழிந்த பிரதி ஒன்றை வைத்துக்கொண்டு, சாப்பாட்டு நேரத்தில் தினம் அரைப்பக்கமாக, ஒரு வருஷத்துக்கு மேல் படித்தேன்.

நவம்பர் 6, புதன்

பாப்பாவின் மேசையைத் துடைத்தேன். ஒரு தாளில் வரிசையாக என்னென்னவோ திட்டம். ஐந்தாவது வரியில் 'குடோன்: மார்ச்சுக்குள் காலி' என்று இருந்தது.

நல்ல கையெழுத்து. குண்டு குண்டாக.

நவம்பர் 7, வியாழன்

இன்று ஒன்றும் எழுதத் தோன்றவில்லை. டேப் தீர்ந்துவிட்டது.

நவம்பர் 11, திங்கள்

இரண்டாம் பக்கத்தால் இன்று ஒரு சண்டை.

பாப்பா புத்தகத்தை லேப்டாப்பில் ஏற்றி ஐயாவிடம் காட்டியது. ஐயா கதைக்குப் போகவில்லை. என்னை மாதிரி நேராக இரண்டாம் பக்கத்துக்குப் போனார்.

"எத்தனை பிரதின்னு போடலியே?"

"இதுக்குப் பிரதிக் கணக்கே கிடையாதுப்பா. எத்தனை பேர் வாங்கினாலும் போயிட்டே இருக்கும்."

"அதெப்படிம்மா போயிட்டே இருக்கும்? எவ்வளவு போட்டோம்னு எழுத்தாளருக்குத் தெரிய வேணாமா?"

ஐயாவை நான் எவ்வளவு கிண்டல் செய்தாலும் இதில் மட்டும் செய்ய மாட்டேன். பக்கத்தில் ஆயிரம் என்று போட்டுவிட்டுப் பின்வாசலில் மூவாயிரம் அடித்து விற்கிறவர்களை அவர் பார்த்திருக்கிறார். நாற்பது வருஷத்தில் அவர் பக்கத்தில் போட்டதற்கு மேல் ஒரு பிரதி அடித்ததில்லை. பைண்டிங்கில் ஒன்று கூட வந்தால்கூட எழுத்தாளர் வீட்டுக்கு அனுப்பிவிடுவார். பார்சல் கட்டியவள் நான், எனக்குத் தெரியும்.

"ஐந்நூறுன்னு போடு" என்றார்.

"சரிப்பா, அழகுக்குப் போட்டுக்கலாம்" என்று சிரித்துக்கொண்டே தட்டியது பாப்பா.

ஐயா சிரிக்கவில்லை.

நவம்பர் 13, புதன்

எங்கள் வழக்கம் ஒன்று. புதுப் புத்தகத்தின் முதல் பிரதிக்கு நாலு மூலையிலும் மஞ்சள் வைத்துச் சாமி படத்தின் முன்னால் வைப்போம். இன்று மஞ்சளைக் குழைத்துக்கொண்டு போய், "எங்க பாப்பா வெக்கிறது?" என்றேன்.

அது இங்கும் அங்கும் பார்த்துவிட்டு, "லேப்டாப்பிலயே வெச்சிடுங்கக்கா" என்றது. வைத்தேன். ஒரு மூலையில் கொஞ்சம் தாராளமாகிவிட்டது. இப்போது அந்தப் பொத்தானை அமுக்கினால் பொங்கல் வைத்த வாசனை வருகிறது என்று ஆபீசில் பேச்சு. பேச்சைக் கிளப்பியது நான்தான்.

நவம்பர் 18, திங்கள்

ஐயா மேலே கூப்பிட்டார். கதவைச் சாத்தச் சொன்னார். இருபத்தோரு வருஷத்தில் சாத்தச் சொன்னதில்லை. அந்தத் தாளின் ஐந்தாவது வரியோ என்று நினைத்தேன்.

அதில்லை. சட்டைப் பையிலிருந்து ஃபோனை எடுத்து, எலிப்பொறியில் சிக்கியதைப் பிடிப்பது போல இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு, "பூங்காவனம், அந்தப் பொண்ணு விக்கிறதை இதுல பாக்கலாமாமே? சும்மா, தெரிஞ்சி வெச்சிக்கலாமேன்னு..." என்றார்.

"பாப்பாவைக் கேட்டா நொடியில காட்டுமே."

"அவ சிரிப்பா."

"நானும்தான் சிரிப்பேன்."

"நீ எல்லாத்துக்கும் சிரிக்கிறவ. அது கணக்கில்ல."

எனக்கு ஃபோன் நன்றாக வரும். என் வீட்டுக்காரர் ஆட்டோவுக்கு சவாரி பிடித்துக் கொடுப்பதே நான்தான். கடைப் பக்கத்தைத் திறக்க ஐயாவின் ஃபோனுக்கு ஒரு ஓடிபி எண் வரும். பதிப்பகத்தின் பெயரில் இருக்கிற ஒரே நம்பர் அதுதான் என்பதால், பாப்பா உள்ளே போவதற்கும் அந்த எண்தான் வேண்டும். எண் வந்ததும் லாட்டரி முடிவு போலச் சத்தமாகப் படித்தார். "மனசுக்குள்ள படிங்கய்யா, கீழே கேக்குது" என்றேன்.

அரைமணி நேரப் பாடம். கட்டணம்: இரண்டு மெதுவடை, சாம்பாரில் ஊறியது. யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று சத்தியம் வாங்கிக்கொண்டார். டைரி யாரும் இல்லையே.

நவம்பர் 19, செவ்வாய்

கூத்தைக் கேளுங்கள். இன்று பாப்பா குடோனுக்கு வந்து கதவைச் சாத்தியது.

"அக்கா, எந்த ஊர்க் கடைக்காரர் எதை வாங்குவார், எதைத் திருப்பி அனுப்புவார்னு அப்பா மனசுலதான் இருக்கு. ஒரு இடத்துலயும் எழுதி வைக்கல. உங்களுக்குத் தெரியுமா?"

"ஐயாவைக் கேளு பாப்பா."

"'இதுகூடத் தெரியாமலா வந்தே'ன்னு கேப்பாரு."

இருபத்தோரு வருஷம் முகவரி ஒட்டியவளுக்குத் தெரியாதா? மதுரைக் கடைக்காரர் ஆடியில் ஒரு புத்தகமும் எடுக்க மாட்டார். திருநெல்வேலிக்காரர் பேய்க் கதை என்றால் கண்ணை மூடிக்கொண்டு ஐம்பது. கும்பகோணத்துக்காரர் திருப்பி அனுப்பும் கட்டில் நம் புத்தகத்தோடு வேறு பதிப்பகத்தின் புத்தகமும் இரண்டு இருக்கும். பாப்பா எல்லாவற்றையும் எழுதிக்கொண்டது. கட்டணம்: மிளகாய் பஜ்ஜி.

போகும்போது நின்றது. "அக்கா, நான் லீவுல வரல. வேலையை விட்டுட்டுத்தான் வந்தேன். அப்பாகிட்ட சொல்லிடாதீங்க."

"அப்ப தோத்துட்டா எங்க போவே?"

"தெரியலக்கா."

ஆக, புனேக்கு ரயில் என்று சொன்னது சும்மா. ஜெயித்தால் குடோன் காலி, தோற்றால் எல்லாமே காலி. எனக்கு எந்தப் பக்கம் விழுந்தாலும் ஒரே பக்கம்தான். வசதிதான், வேண்டுதல் வைக்கிற செலவு மிச்சம்.

நவம்பர் 28, வியாழன்

பதினைந்து நாளில் முப்பத்தோரு பிரதி. அதில் ஒன்று நான் வாங்கியது, இன்னும் மூன்று, கதையை எழுதிய சுலோசனா அம்மாவே வாங்கியது. டெலிஃபோன் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், அம்பத்தூரில் இருக்கிறார். "ஒண்ணு வாங்கினேன், பொத்தான் மூணு தடவை அமுங்கிடுச்சு" என்று ஃபோனில் சொன்னார். அமுங்கியதா, அமுக்கினாரா?

பாப்பா சாப்பிடவே மேலே போவதில்லை.

டிசம்பர் 3, செவ்வாய்

விளம்பரத்துக்கு வீடியோ எடுக்கிறேன் என்று என்னைப் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கச் சொன்னது பாப்பா. கை சும்மா இருந்தது, வாய் இருக்கவில்லை.

"இந்தக் கதையில கொலை பண்ணவன் யாருன்னு இருபத்து மூணாம் பக்கத்துலயே தெரிஞ்சிடும். எனக்குத் தெரிஞ்சிது, உங்களுக்குத் தெரிஞ்சிடும், என் வீட்டுக்காரருக்கே தெரிஞ்சிது. இன்ஸ்பெக்டர் தர்மலிங்கத்துக்கு மட்டும் நூத்தி எண்பதாம் பக்கம் வரைக்கும் தெரியாது! கொலைகாரன் பக்கத்துலயே குந்திக்கினு டீ குடிக்கிறாரு அந்த ஆளு! படிக்கச் சொல்லோ எனக்குக் கை அரிக்கும், புத்தகத்துக்குள்ள பூந்து அவரு தலையில ஒண்ணு வெக்கலாம்னு. ஆனா கீழ வெக்க முடியலீங்க. அந்த மனுஷனுக்கு எப்ப உறைக்கும்னு பாத்துக்கினே ஒரு வருஷம் ஓட்டிட்டேன்."

பாப்பா கேமராவை நிறுத்தவே இல்லை. "முடிவைச் சொல்லிட்டேனா? அழிச்சிடு" என்றேன். அழிக்கவில்லை.

டிசம்பர் 9, திங்கள்

நூற்று எழுபது. 'தர்மலிங்கத்துக்கு உறைத்ததா?' என்று ஊரெல்லாம் ஒருத்தரை ஒருத்தர் கேட்கிறார்களாம். காய்கறிக்காரர் என்னைப் பார்த்து, "இருபத்து மூணாம் பக்கம்!" என்று கத்துகிறார். கத்தரிக்காய் விலையை மட்டும் குறைக்கவில்லை.

ஐயா காலையில் வந்ததும் செருப்பைக் கழற்றுவதற்கு முன் ஃபோனைப் பார்க்கிறார். மகள் வந்தால் பையில் போட்டுக்கொண்டு பஞ்சாங்கத்தைப் புரட்டுகிறார். பஞ்சாங்கம் நேற்று தலைகீழாக இருந்தது.

"சந்தோஷமாய்யா?" என்றேன்.

"என் பந்தயம் தோக்குது, எனக்கென்ன சந்தோஷம்?" என்றார். எத்தனை பல் கட்டியது என்று எண்ணக்கூடிய அளவுக்கு வாய் திறந்திருந்தது.

டிசம்பர் 20, வெள்ளி

நானூற்று எழுபத்தெட்டு. பாப்பா கணக்குப் போட்டுப் பார்த்து, "பொங்கலுக்கு முன்னாடியே ஆயிரம் தாண்டிடும்க்கா" என்று என் இரண்டு கன்னத்தையும் கிள்ளியது.

சாயங்காலம் ஐயாவுக்குப் பாடம். "விக்கிறதை நிறுத்தணும்னா என்ன பண்ணுவாங்க?" என்று கேட்டார்.

"கடைக்கு ஷட்டர் மாதிரிதான். இதோ, இந்தப் பொத்தான்."

"ம்" என்றார். வடையில் உப்புக் கம்மி.

டிசம்பர் 23, திங்கள்

காலை பத்தரைக்குப் பாப்பா மேலிருந்து கத்தியது கீழே தெருவில் கேட்டது. நேற்று சாயங்காலத்திலிருந்து புத்தகம் யாருக்கும் போகவில்லை. வாங்கப் போனால் 'பிரதிகள் தீர்ந்துவிட்டன' என்று வருகிறதாம்.

"ஃபோன் புத்தகம் எப்படிக்கா தீரும்? கடல்ல தண்ணி தீந்துடுச்சுன்னு சொல்ற மாதிரி இருக்கு!"

எத்தனையில் நின்றது என்று கேட்டேன். ஐந்நூறு. ஒன்று கூட இல்லை, ஒன்று குறைய இல்லை.

நான் குடோனுக்கு வந்து உட்கார்ந்துகொண்டேன். எனக்கு வேலை இருந்தது.

உள்ளே போய்ச் சரி செய்ய பாப்பாவுக்கு ஓடிபி வேண்டும். ஐயாவைக் கேட்டது. "வரலியேம்மா" என்றார். மறுபடி அனுப்பச் சொன்னது. "வரலியே." அந்தக் கடைப் பக்கத்தைச் செய்துகொடுத்த பெங்களூர்க்காரர் கிறிஸ்துமஸ் லீவில் போய்விட்டார், ஜனவரி ஆறாம் தேதிதான் வருவாராம்.

டிசம்பர் 26, வியாழன்

ஃபோனில் கிடைக்காதவர்கள் ஆபீசுக்கு ஃபோன் போடுகிறார்கள். "காகிதத்துலயாவது இருக்கா?" என்று. இன்று மட்டும் ஐம்பத்து நாலு பார்சல். இருபத்தோரு வருஷத்தில் ஒரே புத்தகத்துக்கு இத்தனை கட்டியதில்லை. பாப்பாவும் தரையில் உட்கார்ந்து முகவரி ஒட்டியது. விரலெல்லாம் டேப்.

"எவ்ளோ வேகம்க்கா உங்க கை" என்றது.

நான் கூடுதல் வேகமாகக் கட்டினேன். சும்மாதான்.

டிசம்பர் 30, திங்கள்

எட்டு நாளாக மூடியே கிடக்கிறது. பாப்பா கண் வீங்கியிருக்கிறது.

நான் மேலே போய்க் கதவைச் சாத்தினேன். இந்தத் தடவை நானாகச் சாத்தினேன்.

"ஐயா, இருபத்து மூணாம் பக்கம் வந்தாச்சு."

"என்ன உளர்றே?"

"கொலைகாரன் யாருன்னு எனக்குத் தெரியும். தர்மலிங்கம் கீழ முகவரி ஒட்டிக்கினு இருக்குது."

ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வெகு நேரம் துடைத்தார். "பக்கத்துல ஐந்நூறுன்னு போட்டிருக்கு பூங்காவனம். ஐந்நூற்று ஒண்ணாவது வித்தா அது களவு இல்லியா? இரண்டாம் பதிப்புன்னு பக்கத்தை மாத்திட்டு வித்துக்கலாம். அதுக்குத்தான் நிறுத்தினேன்."

"அதைப் பாப்பாகிட்ட சொல்றதுக்கு என்ன?"

"சொல்லலாம்னுதான் அன்னிக்குக் காலையில இருந்தேன். அதுக்குள்ள அவ மேல வந்து, 'இப்படிப் பண்ணவன் எந்த முட்டாள்'னு கேட்டுட்டா."

"அப்புறம்?"

"ஓடிபி வரலேன்னேன். ஒரு தடவை வரலேன்னுட்டா அப்புறம் எப்படி வரும்?"

ஃபோனை வாங்கிப் பார்த்தேன். பதினோரு ஓடிபி, வரிசையாக, ஒன்றுகூட அழியாமல்.

"பந்தயத்துக்காகப் பண்ணதா நினைப்பா" என்றார். கிண்டல் செய்ய ஒன்று வாய்வரை வந்தது, விழுங்கிவிட்டேன்.

இரண்டு பேர் ரகசியமும் என்னிடம். இரண்டு பேர் பலகாரமும் என் வயிற்றில். சத்தியத்தை மீறி யாரிடமும் எதுவும் சொல்ல மாட்டேன்.

ஜனவரி 3, வெள்ளி
(டைரி டிசம்பரோடு தீர்ந்தது. இன்னொன்றைப் பிரிக்க மனசில்லை, முன்பக்கத்துக்கே வந்துவிட்டேன். அச்சில் ஞாயிறு.)

இன்று பதினொரு மணிக்கு ஒரு ஆட்டோ வந்து நின்றது. அதிலிருந்து பட்டுப் புடவையில் சுலோசனா அம்மா இறங்கினார். கையில் பால்கோவா. யாரோ அவருக்கு ஃபோன் செய்து, 'உங்கள் புத்தகம் தீர்ந்துபோய்விட்டது, ஐயாவை நேரில் வந்து பாருங்கள்' என்று சொல்லியிருக்கிறார்கள். யாரென்று தெரியவில்லை. உலகத்தில் எத்தனையோ பேர் ஃபோன் வைத்திருக்கிறார்கள். ஆட்டோ என் வீட்டுக்காரருடையது. அது தற்செயல்.

"தீர்ந்துபோச்சாமே தணிகாசலம்!" என்று படியிலிருந்தே ஆரம்பித்தார். "முப்பத்து மூணு வருஷமா ஒவ்வொரு கண்காட்சியிலயும் உங்க கடைக்கு வருவேன். அதே அட்டை அதே இடத்துல நிக்கும். நானே ரெண்டு வாங்கிட்டுப் போவேன். இன்னிக்குத்தான் என் வாழ்க்கையில 'தீர்ந்துவிட்டன'ன்னு பாத்தேன். அந்தப் பக்கத்தைப் படமெடுத்து வெச்சிருக்கேன், பாருங்க!"

பத்து நாளாகப் பாப்பா அழுதுகொண்டிருந்த பக்கத்தை ஒரு அம்மா கண்ணில் ஒற்றிக்கொள்கிறார்.

"நீங்க போட்ட கணக்குல ஒண்ணுகூட நான் சந்தேகப்பட்டதில்ல" என்றார் சுலோசனா அம்மா. "சரி, இரண்டாம் பதிப்பு எப்ப?"

ஐயா பால்கோவாவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் சாமி படத்தைப் பார்த்தேன்.

"இப்பவே போட்டுடலாம்மா. பக்கத்தை மாத்திட்டு அந்தப் பொத்தானைத் திரும்ப அமுக்கினா முடிஞ்சிது" என்றார் ஐயா.

பாப்பா மெதுவாகத் திரும்பியது. "எந்தப் பொத்தானைப்பா?"

ஐயா ஃபோனை எடுத்து மேசையில் வைத்தார். பதினோரு ஓடிபியும் பாப்பா முகத்துக்கு நேரே. தர்மலிங்கத்துக்கு உறைத்தது.

"ஐந்நூறுன்னு நான் வாக்குக் குடுத்திருந்தேன்மா" என்றார். "பந்தயத்துக்காக இல்ல."

பாப்பா எண்களை ஒவ்வொன்றாகப் பார்த்தது. கோபப்படப் போகிறது என்று நான் வாசல் பக்கம் நகர்ந்தேன். அது கேட்டது வேறு.

"உங்களுக்கு இதெல்லாம் திறக்க யாருப்பா சொல்லிக் குடுத்தா?"

இருவரும் என்னைப் பார்த்தார்கள்.

ஐயா சும்மா இருப்பாரா? "ஆமா, மதுரைக்காரருக்கு ஆடியில அனுப்பக் கூடாதுன்னு நீ போன வாரம் ஃபோன்ல சொன்னியே, உனக்கு அதை யாரு சொல்லிக் குடுத்தா?"

மறுபடியும் இருவரும் என்னைப் பார்த்தார்கள்.

"எனக்குப் பார்சல் இருக்குது" என்று கீழே இறங்கிவிட்டேன். படியில் இறங்கும்போது மேலே மூன்று பேர் சிரிக்கிற சத்தம். சுலோசனா அம்மா எதற்குச் சிரித்தார் என்று அவருக்கே தெரிந்திருக்காது.

மத்தியானம் இரண்டாம் பதிப்பு. பக்கத்தை நானே தட்டுகிறேன் என்று ஐயா லேப்டாப் முன்னால் உட்கார்ந்தார். ஒற்றை விரலால், கோழி கொத்துவது போல, ஒரு மணி நேரம். பாப்பா பொறுக்க முடியாமல் எழுந்து போய்விட்டது. மஞ்சள் பொத்தானைத் தொட்டுவிட்டு விரலை முகர்ந்து பார்த்தார். பிறகு ஷட்டரைத் திறந்தார்.

ஜனவரி 8, புதன்

காகிதப் பிரதி கடைசி ஒன்று இன்று போனது. அறுநூற்று நாற்பதும் காலி. அது இருந்த இடத்தில் சுவர் தெரிகிறது. சுவர் பச்சை நிறம் என்று இப்போதுதான் தெரிந்தது.

இரவிக்கைக்குள் வைத்திருந்த என் கிழிந்த பிரதியைக் கேட்டு ஒருவர் கெஞ்சினார். கொடுக்கவில்லை.

ஜனவரி 13, திங்கள், போகி

சாயங்காலம் நாலு மணிக்குத் தொள்ளாயிரத்துப் பன்னிரண்டு.

மூடிக் கிடந்த நாள் மட்டும் நடந்திருந்தால் தாண்டியிருக்கும். பாப்பா அதைச் சொல்லவில்லை. மாடியில் பெட்டியை மூடிக்கொண்டிருந்தது. ஐயா ஜன்னலோரம் நின்றார். இரண்டு பேருக்கும் நடுவில் அந்தக் கம்பெனிக் கடிதம், பேனா வைத்தபடி.

"பந்தயம்னா பந்தயம்தாம்பா" என்றது பாப்பா. "நான் புனே போகல. வேலையை அன்னிக்கே விட்டுட்டேன். எங்கியாவது பாத்துக்கறேன்."

"அது எனக்குத் தெரியும்" என்றார் ஐயா. "புனே ஆபீசுக்கு நவம்பர்லயே ஃபோன் பண்ணேன்."

"தெரிஞ்சுமா பந்தயத்தை நிறுத்தல?"

ஐயா "படிச்சியா?" என்று மட்டும் கேட்டார்.

"எதை?"

அவர் திரும்பவும் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டார்.

எனக்கு அந்த இடத்தில் நிற்க முடியவில்லை. பன்னிரண்டைப் பதின்மூன்றாக்கலாம் என்று கீழே வந்து, வீட்டுக்காரர் ஃபோனில் ஒன்று வாங்கினேன். நான் முன்னால் வாங்கியது முதல் பதிப்பு, இது இரண்டாம் பதிப்பு. வழக்கம் விடுமா? திறந்ததும் இரண்டாம் பக்கத்துக்குப் போனேன்.

தபால் பெட்டியில் ஒரு சாவி. ஆசிரியர்: சுலோசனா. இரண்டாம் மின்பதிப்பு: ஜனவரி. பிரதிகள்: 500.

வெளியிடுபவர்: த. நப்பின்னை.

படிக்கட்டை எப்படி ஏறினேன் என்று தெரியாது. என் உடம்புக்கு அது நல்லதில்லை. ஃபோனைப் பாப்பா மூக்குக்கு நேரே நீட்டி, "உங்க வீட்டுல ஒருத்தருக்கும் இரண்டாம் பக்கம் படிக்கிற பழக்கமே கெடையாதா?" என்று கத்தினேன்.

பாப்பா படித்தது. மறுபடி படித்தது. "இது மூணாம் தேதி போட்டதாச்சே."

"ஆமா" என்றார் ஐயா ஜன்னலிடம். "பத்து நாளா நானூத்துப் பன்னெண்டு பேருகிட்ட சொல்லியிருக்கேன். நீதான் கேக்கல. பக்கத்துல போட்டா போட்டதுதான், எனக்குப் பேச்சு மாத்தத் தெரியாது."

பெட்டியைத் திறந்தது யார் என்று கவனிக்கவில்லை. கண்ணில் போகிப் புகை.

கம்பெனிக் கடிதம் தெருமுனை நெருப்புக்குப் போனது. போடுவதற்கு முன் ஐயா அதிலிருந்த ஸ்டேபிள் பின்னைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பழக்கம்.

ஜனவரி 20, திங்கள்

ஆயிரம் நேற்று ராகுகாலத்தில் தாண்டியது. தாண்டவில்லை, தொட்டது. தொட்டதும் பாப்பாவே ஷட்டரை இழுத்துவிட்டது. 'இரண்டாம் பதிப்பு தீர்ந்தது. மூன்றாம் பதிப்பு நாளை.' சுலோசனா அம்மா அதையும் படமெடுத்திருப்பார். இனி எல்லாப் புத்தகத்துக்கும் இதுதானாம், ஐந்நூறுக்கு ஒரு நாள் கதவடைப்பு.

பாப்பாவின் மேசையைத் துடைத்தேன். மேசை இப்போது ஐயாவின் பழைய மேசை. அந்தத் தாள் இருந்தது. ஐந்தாவது வரியை அடித்துவிட்டு, பக்கத்தில் 'டேப், பெரிய ரோல், 24' என்று எழுதியிருந்தது. அதே குண்டுக் கையெழுத்து. நான் அந்த மேசையை இரண்டு தடவை துடைத்தேன். அழுக்கு அதிகம்.

காலை ஒன்பதுக்கு வழக்கம் போல ஐயா வந்தார். மாடிப்படி வரை போனார், நின்றார், திரும்பினார். குடோன் வாசலில் செருப்பைக் கழற்றினார்.

"ஏதாவது வேலை இருக்குதா?"

"முன் அனுபவம்?"

"நாப்பது வருஷம் பதிப்பாளரா இருந்தேன்."

"அது இங்க செல்லாதுய்யா. டேப் ஒட்டத் தெரியுமா?"

உட்கார்ந்தார். முதல் பார்சலில் டேப் கோணலாகப் போயிற்று. இரண்டாவதில் சட்டைக் கையையும் சேர்த்து ஒட்டிக்கொண்டார். மூன்றாவதைப் பிரித்து மறுபடி கட்டச் சொன்னேன், முகத்தைச் சுளித்தார், கட்டினார். கட்டணமாக நாளை முதல் வடை நான் வாங்கித் தர வேண்டுமாம்.

புது ஆள். கை மெதுவாகத்தான் இருக்கிறது. பழக்கிவிடலாம்.